ஸ்காபரோவில் ஒரு மரணம், மாவடிப்பள்ளியில் மூன்று ஏக்கர்: எந்தச் சட்டம் எங்கே செல்லும்?

வாப்பாவிடம் பழைய சீஆர் கொப்பி ஒன்று இருக்கிறது. 1992ஆம் ஆண்டு பெரும்போகத்தில் தொடங்கி, ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை மூட்டை நெல், எந்தத் திகதியில், யார் கையில் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கிறார். மாவடிப்பள்ளியிலிருந்து காரைதீவுக்குப் போகும் வழியில் இருக்கும் மூன்று ஏக்கர் வயலுக்கான குத்தகைக் கணக்கு அது. வயல் எங்களுடையதல்ல. காரைதீவிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் முதுசம். 1990ஆம் ஆண்டு வன்செயலோடு அவர்களால் இந்தப் பக்கம் வர முடியாமற்போனது. இரண்டு வருடம் தரிசாகக் கிடந்த பிறகு அந்த வீட்டு அம்மா வாப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க செய்ங்க தம்பி, எங்கட பங்க மட்டும் தாங்க" என்று சொல்லி ஒப்படைத்தார். எழுத்து எதுவும் இல்லை.

அந்த அம்மா 1996இல் காலமானார். மகன் 1988இலேயே கனடா போயிருந்தார். மகள் காரைதீவிலேயே இருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடும் அவருடைய கணவர் 1990 ஆகஸ்டில் வீட்டை விட்டுப் போனவர், திரும்பவில்லை. தம்பிக்காரர் "என்ட பங்கையும் அக்காவே எடுக்கட்டும்" என்று தொலைபேசியில் சொன்னதால் நெல் முழுவதும் அக்கா வீட்டுக்கே போனது. 2012க்குப் பிறகு மூட்டைக்குப் பதில் காசாகக் கொடுத்தார்கள். கொப்பியில் எழுதுவதும் நின்றுபோனது.

கடந்த வருடம் தம்பிக்காரர் ஸ்காபரோவில் இறந்துவிட்டார். அவருடைய மகன் வட்ஸ்அப்பில் அக்காவிடம் கேட்டார்: "மாமி, அப்பாவுக்கு ஊர்ல காணி இருக்காம். இங்க லோயர் கேக்கிறார். அது யாருட பேர்ல கிடக்கு?" அக்கா அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்.

நான் சட்டத்தரணி அல்ல. ஊடகக் கற்கை படித்துவிட்டுச் சுயாதீனமாக எழுதுகிறவன். போதாக்குறைக்கு, அந்த வயலைச் செய்கிறவரின் மகன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்காக வாசித்ததையும் கேட்டறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். வடக்கு கிழக்கில் காணியும் கனடாவில் உறவும் உள்ள வீடுகளுக்கு இது பயன்படலாம். உங்கள் சொந்த விடயத்தில் முடிவெடுக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

காணி கிடக்கும் நாட்டின் சட்டமே காணிக்கு

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒருவர் கனடாவில் வாழ்ந்து, கனடாப் பிரசையாகவே இறந்தாலும், இலங்கையிலுள்ள அவருடைய காணி இலங்கைச் சட்டப்படிதான் உரித்தாளர்களுக்குப் போகும். அங்குள்ள வங்கிக் கணக்கும் வீடும் அந்த மாகாணச் சட்டப்படி போகும். ஒரே மரணத்துக்கு இரண்டு நாட்டில் இரண்டு கணக்கு.

இலங்கைக்குள்ளும் எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. கிழக்குத் தமிழரின் முதுசத்துக்கு 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி இறுதி விருப்பாவணம் எழுதாமல் ஒருவர் இறந்தால் உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டம். இறந்தவர் இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிராவிட்டாலும், இங்கே அவருக்கு அசையாச் சொத்து இருந்தால் அவர் சார்ந்த மத்ஹபின்படியே அது பங்கிடப்படும் என்று அது சொல்கிறது. ரொறன்ரோவில் இறந்த மாவடிப்பள்ளிக்காரரின் வளவுக்கும் இதுவே சட்டம்.

அக்காவின் விடயத்தில் உறுதி இன்னும் தாயின் பெயரிலேயே இருக்கிறது. தகப்பன் முன்பே இறந்துவிட்டதால் 1996இல் பாதி அக்காவுக்கும் பாதி தம்பிக்கும் போய்விட்டது. தம்பி இறந்தபோது அவருடைய பாதி அவரது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது. தம்பி தொலைபேசியில் "அக்காவே எடுக்கட்டும்" என்றது விளைச்சலுக்குத்தான் செல்லும். வாய்ச்சொல்லால் காணி கைமாறாது. அதற்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும்.

நம் கரையோர ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடுவளவைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். அப்படி ஏற்கெனவே எழுதிக் கொடுத்த காணி பெற்றோரின் பெயரில் இருக்காது. ஆகவே "அண்ணன் கனடாவில்; வீடு யாருக்கு" என்று சண்டை தொடங்கும் முன் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்த்துவிடுவது நல்லது. பல வீடுகளில் சண்டைக்குரிய காணியே இருக்காது.

கனடாப் பிரசை இங்கே காணி வைத்திருக்கலாமா?

வேறு நாட்டுப் பிரசாவுரிமை எடுத்தவர், இரட்டைப் பிரசாவுரிமை பெறாவிட்டால், இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. இதைக் கேள்விப்பட்டுப் பலர் "இனி எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறு. நெருங்கிய உரித்தாளர் என்ற வகையில் முதுசமாக வரும் காணிக்கும், இரட்டைப் பிரசைகளுக்கும் அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனின் பங்கு உண்டு.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி வேறு. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அங்கே பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தில் பெயர் குறிப்பிட வேண்டும். முன்பு பெயர் குறிப்பிடாவிட்டால் மூத்த மகனுக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஆண், பெண் என்ற அந்தப் பாகுபாட்டை நீக்கியது. கணவனை இழந்து, பெண் பிள்ளைகளோடு மட்டும் காணியைப் பார்த்துவரும் தாய்மாருக்கு இது முக்கியமான மாற்றம்.

ஒன்ராறியோவில் மாறியவை

நம்மவர்களில் பெரும்பாலோர் ஒன்ராறியோ மாகாணத்தில் இருப்பதால் அங்குள்ள மாற்றங்களைச் சொல்கிறேன். ஏனைய மாகாணங்களில் வேறுபடும்.

விருப்பாவணம் இல்லாமல் 2021 மார்ச் 1ஆம் திகதியிலோ அதற்குப் பின்னரோ இறந்தவரின் சொத்தில் முதல் 350,000 டொலர் சட்டப்படி மணந்த துணைக்கு. முன்பு இது 200,000 டொலராக இருந்தது. மீதியில் ஒரு பிள்ளை இருந்தால் துணைக்குப் பாதி. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒன்று. பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த துணைக்கு இந்தக் கணக்கில் பங்கே இல்லை. கோவிலிலோ பள்ளிவாசலிலோ மட்டும் முடித்து, சட்டப்படி பதியாமல் விட்டவர்கள் இதை இன்றே கவனிக்க வேண்டும்.

2022 ஜனவரி 1 முதல் வேறு சில மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன. முன்பு திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய விருப்பாவணம் தானாக ரத்தாகிவிடும். இப்போது ரத்தாகாது. சட்டப்படி விவாகரத்து ஆகாவிட்டாலும், மணமுறிவால் மூன்று வருடம் பிரிந்து வாழ்ந்த துணைக்கு விருப்பாவணமில்லா மரணத்தில் பங்கில்லை. சாட்சிக் கையொப்பம் போன்ற முறைகளில் குறையுள்ள விருப்பாவணத்தையும், இறந்தவரின் எண்ணம் அதில் தெளிவாக இருந்தால், நீதிமன்றம் செல்லுபடியாக்கலாம். காணொளி வழியாக ஒப்பமிடுவது அதற்கு முன்பே நிரந்தரச் சட்டமாகியிருந்தது. அதற்கு இரு சாட்சிகளில் ஒருவராவது மாகாணச் சட்டத்தரணிகள் சங்கத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் எடுக்கும்போது முதல் 50,000 டொலருக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 15 டொலர். 500,000 டொலர் சொத்துக்கு 6,750 டொலர். மாகாணத்துக்கு வெளியேயுள்ள காணி இந்தக் கணக்கில் சேராது. ஆகவே காரைதீவு வயலுக்கு இந்த வரி இல்லை. 150,000 டொலருக்கு உட்பட்ட சொத்துக்கு 2021 ஏப்ரல் முதல் எளிய விண்ணப்பமுறை உண்டு. கணவன் மனைவி கூட்டாக வைத்திருந்த வீடு பொதுவாக இந்தக் கணக்குக்கே வராமல் மற்றவருக்குப் போய்விடும்.

ஆனால் மத்திய அரசின் வருமான வரியில் ஊர்க்காணியும் சேரும். கனடாவில் மரணவரி என்று ஒன்றில்லை. அதற்குப் பதிலாக, இறந்தவர் தன் சொத்தையெல்லாம் இறக்கும் தறுவாயில் சந்தை விலைக்கு விற்றதாகக் கொள்வார்கள். உலகில் எங்கிருக்கும் சொத்தும் இதில் அடங்கும். துணைக்குப் போகும் சொத்துக்கு இதைத் தள்ளிப்போட வழியுண்டு. விலை உயர்வில் பாதி வருமானமாகச் சேரும். இதை மூன்றில் இரண்டாக உயர்த்த 2024இல் கொண்டுவந்த யோசனை 2025 மார்ச் 21இல் கைவிடப்பட்டது. பாதியே தொடர்கிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த நாளில் காணியின் பெறுமதி என்னவோ, அதிலிருந்துதான் உயர்வு கணக்கிடப்படும். குடிபெயர்ந்த பிறகு முதுசமாகக் கிடைத்த காணிக்குக் கிடைத்த காலத்துப் பெறுமதியே தொடக்கம். ஆகவே பழைய மதிப்பீட்டு அறிக்கை, பழைய உறுதி, எதையும் வீசிவிடாதீர்கள்.

அங்கே கடை வைத்திருந்தவர் இறந்தால்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் நடத்தும் பலசரக்குக் கடை, உணவகம், சுத்திகரிப்பு வேலை எல்லாம் பெரும்பாலும் சிறு கம்பனிகளின் பெயரில் இருக்கும். கம்பனிப் பங்குகளுக்கென்று இரண்டாவது விருப்பாவணம் எழுதி, அந்தப் பெறுமதியை மேற்சொன்ன மாகாண வரியிலிருந்து விலக்கும் வழியை 1998ஆம் ஆண்டின் கிரனோவ்ஸ்கி வழக்கு ஏற்றுக்கொண்டது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

இன்னொன்று. "பேருக்கு உன்னையும் போட்டிருக்கிறன்" என்று ஊரிலுள்ள சகோதரியைப் பங்காளியாகப் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் தனியார் கம்பனிகள், 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் உண்மையில் யார் என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். கனடாவின் மத்திய சட்டத்தில் பதிந்த கம்பனிகள் 2024 ஜனவரி 22 முதல் அந்த விபரத்தை அரசுக்கே அனுப்ப வேண்டும். பேருக்குப் போட்டவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பதை இருவரும் பேசி எழுதிவைப்பது நல்லது.

ஊரிலிருந்து அங்கே நிர்வாகியாக முடியுமா?

விருப்பாவணத்தில் பெயர் குறிப்பிட்டிருந்தால் முடியும். பொதுநலவாய நாட்டில் வசிப்பவர் என்பதால், ஒன்ராறியோவில் இல்லாதவரிடம் கேட்கும் பிணைமுறியையும் பொதுவாகக் கேட்கமாட்டார்கள். விருப்பாவணம் இல்லாவிட்டால் ஒன்ராறியோவில் வசிக்காதவருக்கு நிர்வாகப் பத்திரம் கொடுக்கமாட்டார்கள். அங்கே திருமணமாகாமல் தனியாக இருக்கும் தம்பி, ஊரிலுள்ள அக்காவை நம்பியிருந்தால், இரண்டு பக்க விருப்பாவணம் எழுதினாலே அவருக்கு வழி திறக்கும்.

வழக்குக்கும் காலம் உண்டு. இறந்தவரில் தங்கியிருந்தவர் ஆதரவு கேட்பதானால், நிர்வாகப் பத்திரம் கொடுத்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இறந்தவர் செய்த தீங்குக்காக அவருடைய சொத்துமீது வழக்கு வைப்பதற்கு மரணத்திலிருந்து இரண்டு வருடம்.

மறுபுறம், இங்குள்ள காணிக்கு அங்கே எடுத்த பத்திரம் மட்டும் போதாது. பொதுநலவாய நீதிமன்றத்தின் மரணசாசன அத்தாட்சியை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் மீள்முத்திரையிட 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. இல்லையேல் இங்கேயே தனியாக மரணசாசன வழக்குப் பதிய வேண்டும். அங்குள்ளவர்கள் இங்கு ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் ஒட்டாவாவிலுள்ள உயர் ஸ்தானிகராலயத்திலோ ரொறன்ரோவிலுள்ள துணைத் தூதரகத்திலோ அத்தாட்சிப்படுத்தலாம். கொடுத்தவர் இறந்ததும் அது செல்லாது. தம்பி இறந்த பிறகும் அவருடைய பழைய தத்துவத்தில் காணி விற்றால் அந்த உறுதி நிலைக்காது.

காணாமல்போனவரின் சொத்து

அக்காவின் வீட்டுவளவு கணவரின் பெயரில். "மரணச் சான்றிதழ் எடுத்தா எல்லாம் சுகம்" என்று முப்பது வருடமாகச் சொல்கிறார்கள். அவர் எடுக்கவில்லை. "நான் எப்பிடித் தம்பி கையெழுத்து வைக்கிறது" என்பார்.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமல்போனவருக்கு மரணத்தைப் பதிய வழிசெய்தது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், மரணத்தை ஏற்காமலே காணப்படாமைச் சான்றிதழ் பெறும் வழியைச் சேர்த்தது. அது இரண்டு வருடத்துக்குச் செல்லும்; புதுப்பிக்கலாம். நலன்புரி உதவிகளுக்கும் பிள்ளைகளின் பாதுகாவலுக்கும் அதைப் பயன்படுத்தலாம். சொத்தை முதுசமாகப் பங்கிட அது போதாது. இதை விளங்கிக்கொண்டே எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று தெரிவுசெய்ய வேண்டும். யாரும் அவசரப்படுத்திக் கையொப்பம் வாங்க இடங்கொடுக்கக்கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் காலம்

எழுதச் சங்கடமான பகுதி இதுதான்.

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றை உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் ஆண்டவர் அதைத் தனதாகக் கோரலாம். உரிமை மீறப்பட்ட நேரத்தில் உரிமையாளர் கடல்கடந்து இருந்தால் அந்தப் பத்து வருடம் அவருக்கு எதிராக ஓடாது. ஆனால் எதிராட்சி முப்பது வருடம் தொடர்ந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். 1990இல் பிடித்த காணிக்கு அந்த முப்பது வருடம் 2020இல் முடிந்துவிட்டது.

யுத்தத்தால் வரமுடியாமற்போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் உரிமையைக் கோர முடியாதவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல்விட அது இடமளித்தது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும் என்றிருந்தது. அந்தக் கதவு 2018இல் மூடிவிட்டது. நம் பகுதியில் எத்தனை பேருக்கு அது திறந்ததே தெரியும்?

இந்த நிலையில்தான் ஊரில் ஒருவர் வாப்பாவிடம் சொன்னார்: "முப்பது வருசமா நீங்கதானே செய்றீங்க. பிரகடன உறுதி ஒண்டு எழுதிப்போடுங்க." தான் நீண்டகாலம் ஆண்டதாகத் தானே நொத்தாரிசு முன் சொல்லி எழுதும் உறுதி அது. எங்கள் கரையோரத்தில் தமிழர் காணியிலும் நடந்திருக்கிறது, முஸ்லிம்களின் காணியிலும் நடந்திருக்கிறது. இரு பக்கத்திலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாப்பா கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். "இது அமானிதம். அந்தத் தங்கச்சியிட்டக் குடு" என்றார்.

சட்டத்திலும் அந்தக் கொப்பிக்குப் பெறுமதி உண்டு. குத்தகை கொடுத்து ஆண்டவர் உரிமையாளரின் உரித்தை ஏற்றே ஆண்டார் என்று பொருள். எதிராட்சி என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. எழுதாமல்விட்ட 2012க்குப் பின்னான காலம்தான் பலவீனம். கூட்டுரிமையாளருக்கும் ஒரு விதி உண்டு. ஒருவர் ஆள்வது எல்லோருக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்று கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் 1911இல் தீர்த்தது. அதை முறியடிக்க, மற்றவரை வெளிப்படையாக விலக்கியதைக் காட்ட வேண்டும். ஆனால் நெடுங்காலம் ஒருவரே தனியாக ஆண்டால் அப்படி விலக்கியதாக நீதிமன்றம் ஊகிக்கவும் கூடும். அக்காவும் ஸ்காபரோப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எழுத்தில் ஏற்றுக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

இப்படி ஏற்று எழுதினால் வயல் செய்கிறவர் எதையும் இழப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமையைத் தனியாகப் பாதுகாக்கிறது. கமநல சேவை நிலையத்தில் காணி உரிமையாளர் பெயரும் விவசாயி பெயரும் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, காணிப் பதிவகத்தில் ஏட்டுப் பிரதி எடுத்து, காணி இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, இறந்த ஒவ்வொருவருக்கும் மரணச் சான்றிதழ், உரித்தாளர்களின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சேருங்கள். அகதி விண்ணப்பத்தில் ஒரு பெயர், கனடாக் கடவுச்சீட்டில் ஒரு பெயர், ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்பதற்கான சத்தியக்கடதாசியை உரியவர் உயிரோடிருக்கும்போதே எடுங்கள். இறந்த பிறகு அதை நிரூபிப்பது பெரும்பாடு.

மூன்றாவது, காணியைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும், எந்த நிபந்தனையில் பார்க்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு பக்கமும் ஒப்பமிடுங்கள். வருடத்துக்கு ஒரு பற்றுச்சீட்டாவது எழுதுங்கள்.

நான்காவது, அங்குள்ளவர்கள் அங்குள்ள சொத்துக்கும் இங்குள்ள காணிக்கும் விருப்பாவணம் எழுதுங்கள். இங்கே நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். பிந்தி எழுதியது முந்தியதை ரத்தாக்கிவிடாமல் இரு நாட்டுச் சட்டத்தரணிகளுக்கும் மற்றதைக் காட்டுங்கள்.

அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து அந்த ஒரு பக்கத்தை எழுதினோம். வயல் யாருடையது, வாப்பா எப்போதிலிருந்து செய்கிறார், 2012க்குப் பிறகு காசாகக் கொடுத்தது உண்மை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இருவரும் ஒப்பமிட்டார்கள். அதையும் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஸ்காபரோவுக்கு அனுப்பினேன். இனி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். அதற்குக் காலமும் செலவும் ஆகும். "என்ட பங்கு எனக்குக் கிடக்கா தம்பி?" என்று அக்கா இன்னொரு தடவை கேட்டார். கிடக்கு என்று சொல்ல இப்போது என் கையில் எழுத்து இருந்தது.